உயர்தரம் எந்தத் தரிப்பிடத்தில்?

காலை ஆறேகால் மணிக்கு உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் நின்றால், வடக்கிலிருந்து வரும் பஸ் வெள்ளைச் சீருடைகளால் நிறைந்து பட்டணம் நோக்கிப் போவதைப் பார்க்கலாம். மிதிபலகையில் இரண்டு பிள்ளைகள் தொங்குகிறார்கள். ஒரு தாய் மகனின் புத்தகப் பையை யன்னல் வழியே, உள்ளே இருக்கும் யாரோ ஒருவரின் மடியில் வைக்கிறார். பஸ் புறப்படுமுன் அவன் கழுத்துப்பட்டியையும் எட்டிச் சரிசெய்துவிடுகிறார். சற்றுப் பொறுத்து எதிர்த் திசையில், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்கு வெளிமாவட்ட மாணவர்கள் போகிறார்கள். பல்கலைக்கழகம் இந்த வீதியின் வடபுறத்தில் இருக்கிறது. அங்கே போகவேண்டும் என்று கனவு காணும் இந்த வீதியின் பிள்ளை, அதற்காகத் தெற்கே பயணப்படவேண்டியிருக்கிறது.

பெற்றோருக்குப் பாடசாலையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சு இங்கே பழையது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்ந்த திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். வரைபடத்தில் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மொழியால் ஒருமுறை, பெரும்பாலும் சமயத்தால் இன்னொருமுறை, பாடசாலை வகையால் மற்றொருமுறை வடிகட்டினால் ஒரு பிள்ளைக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். 1AB பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1C என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும். வகை 2 பாடசாலை சாதாரண தரத்தோடு நின்றுவிடும். நாட்டில் 10 ஆயிரத்தைச் சற்று மிஞ்சிய அரச பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் 1AB.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே. இந்த மாவட்டத்தின் வெருகலிலோ சம்பூரிலோ குச்சவெளியிலோ வாழும் ஒரு பெண்பிள்ளை, 16 வயதில், தன் மொழியில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்க விரும்பினால், தன் வலயத்தைவிட்டு இடம்பெயராமல் படிக்க முடிகிறதா? இதுவரை வந்த திட்டங்களை இந்தக் கேள்வியின் முன்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதலாம் தர அனுமதியிலிருந்து தொடங்குவோம். சுற்றறிக்கைப்படி 50 வீத இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிப்போரின் சகோதரருக்கு. வீட்டுக்கும் கேட்கும் பாடசாலைக்கும் இடையே வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்பட்டியல் எல்லாம் காட்ட வேண்டும். போரும் 2004 ஆழிப்பேரலையும் இரண்டு மூன்று முறை இடம்பெயர்த்த குடும்பத்திடம் உறுதி எங்கே இருக்கும்? பட்டணத்தில் காணியும், அதே பாடசாலையில் படித்த தகப்பனும் இருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த விதி தெரிவைத் தருகிறது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலின் கதை இதைவிட வேதனையானது, ஏனென்றால் அது நல்ல நோக்கத்தோடு பிறந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தில் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கிராமப்புறங்களில் விஞ்ஞானகூடமும் விடுதியும் கொண்ட மத்திய பாடசாலைகளை எழுப்பினார். ஐம்பதுக்கும் மேற்பட்டவை எழுந்தன. திறமையுள்ள ஏழைப் பிள்ளை அங்கே போய்ப் படிக்கத்தான் புலமைப்பரிசில். அன்று பெரிய பாடசாலை கிராமத்தைத் தேடி வந்தது. இன்று அதே பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை கிராமத்தைவிட்டு வெளியேறுகிறது. பத்து வயதில் வகுப்பின் கெட்டிக்காரர் நாலு பேர் போய்விட்டால், ஆறாண்டுகள் கழித்து அந்தப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு தொடங்கப் போதிய பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். பிள்ளைகள் இல்லாததால் ஆளணி கிடைக்காது. ஆளணி இல்லாததால் அடுத்த பெற்றோரும் பட்டணத்துக்கு வழி பார்ப்பார்கள். இந்தச் சுழியை எந்தப் பெற்றோர்மீதும் குற்றமாகச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாயின் இடத்தில் நான் இருந்தால் நானும் பையை யன்னல் வழியே நீட்டியிருப்பேன்.

தேசியப் பாடசாலை என்ற தகுதியைப் பரப்பும் வழியை, ஆயிரம் தேசியப் பாடசாலைகள் என்ற அறிவிப்பு உட்பட, நான் முற்றாக மறுக்கிறேன். ஒரு பாடசாலை தேசியமானால் அது மாகாணத்தின் கையைவிட்டுக் கொழும்பு அமைச்சின் கீழ்ப் போகிறது. அங்கே இரசாயனவியலுக்கு மூன்று ஆசிரியர் இருக்க, பக்கத்து மாகாணப் பாடசாலையில் ஒருவரும் இல்லாவிட்டாலும், வலயக் கல்விப் பணிப்பாளர் தம் அதிகாரத்தில் ஒருவரை மாற்ற முடியாது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. ஆனால் அதனால் அயல் பாடசாலைக்கு ஒரு ஆசிரியர்கூட வந்து சேரவில்லை.

'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்று 2016இல் வந்த திட்டத்தின் திசை சரி. கட்டடங்களும் மலசலகூடங்களும் தளபாடங்களும் கிடைத்தன, அதை மறக்கக்கூடாது. அதற்குமுன் வந்த மகிந்தோதய ஆய்வுகூடங்களையும் அப்படியே சொல்லலாம். ஆனால் ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்து பரிசோதனை செய்து காட்ட உயர்தர ஆசிரியர் வேண்டும். கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெறுபவர் இடமாற்ற விண்ணப்பத்தை மனதில் வைத்துக்கொண்டே வருகிறார். அந்த ஆசிரியரின் வாடகை வீடும் பஸ் நேரமும் திட்டத்துக்குள் வராதவரை அது கொங்கிறீற்றோடு நின்றுபோகும்.

இனி, அதிகம் பேசப்படாத இடத்துக்கு வருகிறேன். மருத்துவம், பொறியியல் முதலான பெரும்பாலான துறைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. வெருகலின் வறுமையும் சம்பூரின் போர்க்கால இடப்பெயர்வும் சேர்ந்துதான் இந்த மாவட்டம் பின்தங்கியது என்று கணக்கிடப்படுகிறது. ஆனால் மருத்துவத்திலோ பொறியியலிலோ அந்த ஒதுக்கீட்டைப் பெற உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்க வேண்டும். 1C பாடசாலையில் கலை படித்த பிள்ளை கலைத்துறைக்கு விண்ணப்பிக்கும்போது, அங்கே அனுமதி பெரிதும் அகில இலங்கைத் தகுதி வரிசையில்தான் நடக்கிறது. மாவட்டப் பாதுகாப்பு யாருக்காக வந்ததோ அவருக்கு அது எட்டவில்லை. பட்டணத்துப் பிள்ளை உழைத்தே பெறுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் மாவட்டம் என்ற அலகு தன் உள்ளேயிருக்கும் ஏற்றத்தாழ்வை மூடிமறைக்கிறது. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கும் நாட்டில் இது சிறிய விடயம் அல்ல.

எதிர்வாதம் ஒன்றுண்டு. அதை அனுபவமுள்ள அதிபர்கள் சொல்வதால் எளிதில் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு சிறு பாடசாலையிலும் விஞ்ஞானப் பிரிவு திறந்தால் வகுப்புக்கு ஐந்து பிள்ளைகள் இருப்பார்கள், போட்டி இருக்காது, ஆசிரியர் வளம் வீணாகும், கடைசியில் எல்லாரும் பட்டணத்து ரியூசனுக்கே போவார்கள். உண்மைதான். அதனால்தான் எல்லாப் பாடசாலைக்கும் எல்லாப் பிரிவும் என்று நான் கேட்கவில்லை. வெறும் தெரிவுப் பட்டியலும் போதாது. 2004இல் நியூயோர்க் நகரத்தில் வந்த முறையில், எட்டாம் தரப் பிள்ளை 12 பாடசாலைகள் வரை விருப்ப வரிசையாக எழுதிக்கொடுக்க, கணினி இடம் ஒதுக்கியது. அதை வகுத்தவர்களில் ஒருவரான பொருளியலாளர் அல்வின் ரோத் 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த முறை பலன் தந்ததற்குப் பட்டியல் மட்டும் காரணமல்ல. புதிய சிறு உயர்நிலைப் பாடசாலைகள் அங்கே திறக்கப்பட்டன, நகரின் பெரும்பகுதிக்குச் சுரங்க ரயிலும் இருந்தது. நம்மிடம் பன்னிரண்டு பெயர் எழுதச் சொன்னால் எதை எழுதுவது? எழுதினாலும் எதில் ஏறிப் போவது? 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில், மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தவர்களில் இருந்தார்கள். இந்த மாவட்டத்தில் பாடசாலைத் தெரிவைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் துறையடியை மனதில் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

நான் வந்து சேரும் தீர்ப்பு இது. தெரிவு தவறான வயதில் வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பெற்றோரின் காணியும் பழைய மாணவர் உறவும் ரியூசன் காசும் தெரிவுசெய்கின்றன. பதினாறு வயதில், பிள்ளை தானே என்ன படிக்கப்போகிறேன் என்று சொல்லும் வேளையில், வாசல் மூடியிருக்கிறது. பெரிய பாடசாலைகள் சொந்த மாணவரை எடுத்த பிறகே வெளியாரை எடுக்கின்றன. 2013இல் உயர்தரத்துக்கு வந்த தொழினுட்பப் பிரிவையும், 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியையும் நான் வரவேற்பது அவை சரியான வயதைத் தொட்டதற்காக. புலமைப்பரிசில் உதவித்தொகையாக இருக்கட்டும், பாடசாலை மாற்றும் வாயிலாக வேண்டாம். ஆனால் கிராமத்தில் மாற்று எழுவதற்கு முன் அதை நிறுத்தினால் ஏழைப் பிள்ளையின் கடைசிப் படியும் போய்விடும். மாற்று எழும்வரை அது இருக்க வேண்டும்.

அந்த மாற்று கன்னங்கரா காட்டியதுதான். வலயத்துக்கு ஒன்று அல்லது இரண்டு உயர்தர மையங்கள், பெண்பிள்ளைகளுக்கு விடுதி, மாணவருக்கான சிசு சரிய பஸ், எந்தச் சிறு பாடசாலையிலிருந்து வந்தாலும் சம உரிமை. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில் நடப்பதால் முதல் நாளிலிருந்தே ஆங்கிலமும் வேண்டும். கோணேசபுரி வளாகம் இவ்வளவு அருகில் இருக்கையில், அதன் ஆய்வுகூடங்களை விடுமுறைக் காலங்களில் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதும் முடியாத காரியமல்ல.

முதல் மையம் மாவட்டத்தின் தென்கோடியில், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்தில் அமைய வேண்டும். கட்டடத்துக்குக் கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே, இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்ற நான்கு நியமனங்களையும் ஆசிரியர் விடுதியோடு சேர்த்து எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.