சொல்லைப் பெற்ற படம்

'பாப்பராட்சி' என்னும் சொல் இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. புகழ்பெற்றோரைத் துரத்திப் படம் பிடிப்போரை அது குறிக்கும். இச்சொல்லின் வேர் தேடிச் செல்வோர் ஒரு திரைப்படத்தில் போய் நிற்க நேரும். இத்தாலிய இயக்குநர் ஃபெலினி 1960-இல் வெளியிட்ட 'லா டோல்சே வீட்டா'வில் வரும் புகைப்படக்காரனின் பெயர் பாப்பராட்சோ. அதன் பன்மையே இது. படம் பார்க்கும் பழக்கம் நமக்கு மிகக் குறைவு. சொல்லின் பிறப்பிடம் காணும் ஆவலால் இதைப் பார்த்தோம்.

நடிகையரையும் செல்வரையும் விரட்டும் காட்சிகள் இதில் பல. அவை நம்மைப் பெரிதும் அசைக்கவில்லை. துரத்துவோரும் துரத்தப்படுவோரும் அங்கே ஒருவரால் ஒருவர் பிழைக்கின்றனர். நெஞ்சை உலுக்குவது வேறொரு காட்சி. ஸ்டெயினர் என்னும் கற்றறிந்தவர் தம் இரு குழந்தைகளையும் கொன்று தாமும் மாய்கிறார். செய்தி அறியாது வீடு திரும்பும் அவர் மனைவியைப் படக்காரர் சூழ்ந்துகொள்கின்றனர். தம்மை நடிகை என எண்ணிவிட்டனரோ என்று அவ்வம்மையார் புன்னகைக்கிறார். துயரம் அவரை எட்டுமுன்னரே அவர் முகம் விலைபொருளாகிவிடுகிறது. புகழை நாடாத ஒருவருக்கு இது நேர்வதாகக் காட்டியதில்தான் ஃபெலினியின் ஆற்றல் விளங்குகிறது.

ஆயினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். தெருவில் நிற்பவன் தலையில் பழியைச் சுமத்தும் இயக்குநர், அப்படத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பார்ப்பவனைப் பெரும்பாலும் தப்பவிட்டுவிடுகிறார்.

1997 ஆகஸ்ட் 31 நள்ளிரவு கடந்த வேளையில், பாரிஸ் நகரின் ஆல்மா சுரங்கப்பாதையில் நிகழ்ந்ததை வாசகர் அறிவர். இளவரசி டயானா, உடன் வந்த டோடி ஃபாயத், ஓட்டுநர் ஆகிய மூவரும் மாண்டனர். பின்னால் புகைப்படக்காரர் துரத்தி வந்தனர். ஓட்டுநரோ மது அருந்தியிருந்தார், மிகு வேகம், மாண்டவர் எவரும் இருக்கைப் பட்டி அணியவில்லை. ஒரு சாரார் படக்காரரை மட்டும் பழித்தனர். மறு சாரார் ஓட்டுநரை மட்டும். 2008-இல் லண்டன் விசாரணை நடுவர் குழு, ஓட்டுநரின் பெருங்கவனக்குறைவையும் பின்தொடர்ந்த வாகனங்களின் பெருங்கவனக்குறைவையும் ஒருசேரக் காரணமாக்கியது. அதுவே நேர்மையான முடிவு என்போம். நொறுங்கிய வண்டிக்குள் கிடந்தோரைப் படம் எடுத்த மூவருக்கு, அந்தரங்கத்தை மீறிய குற்றத்திற்காகப் பிரெஞ்சு நீதிமன்றம் 2006-இல் விதித்தது ஆளுக்கு ஒரு யூரோ. அடையாளத் தண்டனையாம்!

சாலை படக்காரனையும் விட்டுவைப்பதில்லை. 2013 புத்தாண்டு நாளில் லாஸ் ஏஞ்சல்ஸில் பாடகர் ஜஸ்டின் பீபரின் காரைப் படம் எடுத்துவிட்டுச் சாலையைக் கடந்த ஒருவர் வாகனம் மோதி இறந்தார். பாடகர் அக்காரில் இருக்கவே இல்லை.

1997-இல் அந்த நொறுங்கிய வண்டியின் படம் தாங்கிய நாளிதழ் நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்தது. மடிப்புக் கிழியும்வரை கை மாறியது. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று அன்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.