பிழைத்தவரின் பிழைப்பு

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் விருது கிடைத்த பிறகு ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. நெஞ்சுவலி என்று போனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதயம் காப்போம் திட்டத்தின் மாத்திரைகள் இருக்கின்றன. அடைப்பை நீக்கக் காப்பீடு இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நடப்பதற்கு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. இதய நோயாளிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்கள். உயிரைக் காப்பதையும் வாழவைப்பதையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் வாதம் இது. இதை ஏற்க முடியாது.

விருதுக்குத் தகுதியான திட்டம்தான், ஐயமில்லை. மாரடைப்புக்குப் பிந்தைய உடற்பயிற்சிச் சிகிச்சையின் பலனும் ஐயத்துக்கு இடமில்லாதது. 2021இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 85 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இதய நோயால் நேரும் சாவு, மறுபடி வரும் மாரடைப்பு, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது ஆகிய மூன்றும் இந்தப் பயிற்சியால் குறைகின்றன என்று அது காட்டியது. இதுவரை எல்லாம் சரி.

என் ஆட்சேபம் பழையது. நோயாளியின் பிழைப்பை இந்தச் சிகிச்சை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சாத்தான்குளம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். தேரி மண், பனை, உடன்குடிக் கருப்பட்டி. பதனீர்ப் பருவத்தில் பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறி இறங்குகிறார். காலில் திளாப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு, கைகளால் மரத்தை இறுகப் பற்றி, உச்சியில் நின்று பாளை சீவுகிறார். கீழே விடிலி என்னும் குடிலில் அவர் மனைவி புகைக்கும் அனலுக்கும் நடுவே பதனீர் காய்ச்சுகிறார். தாமிரபரணிக் கரைக்குப் போனால் வாழைத்தாரைத் தலையில் சுமந்து வரப்பில் நடப்பவர்கள். இவர்களில் ஒருவருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லப்படுவது பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்: மாத்திரையை விடாதீர்கள், தினமும் நடங்கள், கனமான வேலை செய்யாதீர்கள்.

அந்த மூன்றாவதில்தான் குடும்பம் சாய்கிறது. எது கனம், எத்தனை நாளைக்குச் செய்யக் கூடாது, அதற்குப் பிறகு எதிலிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்வதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது எளிய அறிவுரை. பனையேறிக்கோ தொழிலை விட்டுவிடு என்ற தீர்ப்பு. சிலர் பயந்து திண்ணையோடு முடங்குகிறார்கள். சிலர் கடன் நெருக்க, யாரிடமும் கேட்காமல் மறுபடி மரம் ஏறுகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் பொதுவாக ஓராண்டு அளவுக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். அந்த நிலையில் பாளை அரிவாள் கையில் பட்டாலோ மரத்திலிருந்து விழுந்தாலோ ரத்தம் எளிதில் நிற்காது. பனையேறிக்கு முதலில் சொல்ல வேண்டிய எச்சரிக்கை இது. எந்த நடைப்பயிற்சி அட்டவணையிலும் இதற்கு இடமில்லை.

ஆய்வுகளும் இதே வழியில்தான் போகின்றன. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு நடந்த யோகா-கேர் ஆய்வு 2020இல் வெளியானது. செலவு குறைந்த, நம் மக்களுக்குப் பழகிய வழியைத் தேடிய முயற்சி என்பதால் அதை மதிக்கிறேன். மரணமும் பெரிய பாதிப்புகளும் ஐயமின்றிக் குறைந்ததாக அது நிறுவவில்லை. நோயாளிகள் தங்கள் உடல்நலத்துக்குத் தாமே போட்ட மதிப்பெண் 100க்கு ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி கூடியது. நோய்க்கு முன் செய்துவந்த காரியங்களுக்குத் திரும்பியதிலும் முன்னேற்றம் தெரிந்தது. என் பார்வையில் அதன் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இந்தக் கடைசி விஷயம்தான். ஆய்விலோ அது இரண்டாம் நிலை அளவீடு. வாழ்க்கைத் தரம் என்று வினாத்தாளில் குறிக்கும் ஒன்றரைப் புள்ளியை வைத்துக்கொண்டு பதனீர்ப் பருவத்தை இழந்த வீட்டில் என்ன செய்ய முடியும்? ஆறு நிமிடத்தில் தாழ்வாரத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று அளக்கிறோம். தார் சுமக்க முடியுமா, அடுப்பனலில் நிற்க முடியுமா என்று அளப்பதில்லை.

மாரடைப்பு வந்தவரை மரம் ஏறச் சொல்வது ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்லலாம். பலருக்கு அது உண்மை. இதயத்தின் பம்பு வலிமை குறைந்தவர் ஏறக் கூடாது. இறுகப் பற்றிச் செய்யும் வேலை ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதும் தெரிந்ததே. ஆனால் அதை ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏறக் கூடாதவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லி, பனைமரத் தொழிலாளர் நலவாரியத்தின் மூலம் மாற்று வழி காட்ட வேண்டும். ஏறக்கூடியவரைப் படிப்படியாகத் தயார்செய்ய வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது.

இதற்காக வாரம் மூன்று நாள் வீதம் 12 வாரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்ல முடியாது. போய்வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அதற்கு அவசியமும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போகும் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் நோயாளியின் தொழிலையும், எந்த வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் எழுதுங்கள். தேவையான சோதனையை ஹைகிரவுண்டில் ஒருமுறை செய்யுங்கள். மீதிப் பயிற்சியை இந்த இயன்முறை மருத்துவர்கள் அவர் வீட்டு முற்றத்தில் கொடுக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேலைக்குப் போகிறாரா? அதற்கான விடை அரசின் கணக்கேட்டில் ஏறாதவரை, இதய நோயாளியின் வாழ்க்கைத் தரம் உயர்ந்துவிட்டது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.