இறைவன் திருமேனி கீழ்ப்படியாமோ?

குடத்தைக் குயவன் வனைந்தான் என்பார்க்குக் குயவனுக்குக் கையுண்டு என்பதும் உடன்பாடாம். உலகத்தை இறைவன் படைத்தான் என்பதைச் சித்தாந்த நூல்கள் அக்குயவனையே உவமை காட்டி நாட்டுதலின், இறைவனுக்கும் கையும் காலும் உடம்பும் வேண்டுமன்றோ என்னும் வினா அவ்வுவமையினின்றே எழுகின்றது. மங்களூரும் திருப்பெண்ணாகடமும் திருமுதுகுன்றமும் அடங்கிய கடலூர் மாவட்டத்து மேலைப்பகுதியில் வாழ்வார்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில் இன்று பீங்கான் தொழில் நடைபெறுகின்றது. மண்ணைக் கூழாகக் கரைத்துப் பாரிஸ் சாந்து அச்சில் வார்த்து, அச்சு நீரை உறிஞ்சிய பின் வெளியே எடுத்துச் சூளையிற் சுட்டுப் பொம்மை செய்வர். ஆண்டுச் சக்கரம் சுழல்வதில்லை. வனையும் விரலும் இல்லை. ஆயினும் செய்வோன் ஒருவன் இல்லை என்பார் யாருமிலர். இவ்வூர்க்கு அணித்தாகிய பெண்ணாகடத்திலேதான் 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அச்சுதகளப்பாளர் மகனாராய்த் தோன்றியருளினார்.

வினாவிற்கு விடை வருமாறு. குடத்தை இயற்றுவது கை. அக்கையை இயக்குவது யாது? உயிர். உயிர்க்கு அதனை இயக்க வேறொரு கை உண்டோ எனின், இன்று. ஆகவே தொழிலுக்கு முதற்கண் வேண்டப்படுவது அறிவும் இச்சையுமேயன்றி உறுப்பன்று. அற்றேல், உடம்பொடு கூடாத உயிர் குடம் வனைதல் யாண்டும் கண்டதில்லையே எனின், உயிர் ஆணவத்தால் அறிவும் தொழிலும் மறைக்கப்பட்டமையின் அவை விளங்குதற்குக் கருவி வேண்டி நிற்கின்றது. இயல்பாகவே பாசங்களின் நீங்கிய முதல்வனுக்கு அக்குறை இன்மையின் அக்கருவியும் வேண்டா என்க.

இனி, வேண்டாத வடிவை அவன் கொள்வது எற்றுக்கு? உயிர்கள்பால் வைத்த அருளினாலே என்பது சிவஞானசித்தியார். அந்நூலின் சுபக்கத்து முதற்சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் இவ்வழக்கினை விரித்து ஆராய்கின்றார். யோகியர் தாம் வேண்டிய வடிவு கொள்ளுதல்போல இறைவனும் கொள்வான் எனின், அவர் வடிவம் மாயையாவதுபோல அவன் வடிவமும் மாயையாய் முடியுமே என்னும் தடையை ஆசிரியர் தாமே எழுப்பிக்கொள்கின்றார். அவன் வடிவம் மாயையன்று, சத்தியே என்பது அவர் கூறும் முடிபு. சிவம், சத்தி, நாதம், விந்து என்னும் நான்கும் அருவம், சதாசிவம் அருவுருவம், மகேசுரன், உருத்திரன், மால், அயன் என்னும் நான்கும் உருவம். இவ்வொன்பது பேதமும் அருள் கொண்ட நிலைகளேயன்றி, ஒன்று மெய் ஏனைய பொய் என்று பிரித்தற்குரியன அல்ல.

இத்துணையும் கற்றார் பலரும் உடன்படுவர். பிணக்கு இதன்மேல் எழுகின்றது. 19-ஆம் நூற்றாண்டிற் பாதிரிமார் உருவ வழிபாட்டைப் பழித்து நூல்கள் வெளியிட்டபோது, ஆறுமுகநாவலர் 1854-இல் சைவதூஷணபரிகாரம் என்னும் நூலினால் விடையிறுத்தார். பாதிரிமாருடைய வேதாகமத்தினின்றே ஆலயமும் பலியும் தூபமும் பிறவும் எடுத்துக் காட்டிய வன்மையான மறுப்பு அது. ஆயின் அக்காலந்தொட்டு வேறொரு சமாதானமும் சைவருள் வழங்கத் தலைப்பட்டது. உருவ வழிபாடு அறிவு முதிராதார்க்கு அமைத்த அரிச்சுவடி. ஞானம் முதிர்ந்தார் அதனைக் கைவிடுவர் என்பது அது. மேடைகளில் இது கேட்கப்படாத ஆண்டில்லை. பழித்தவர் வாயை அடைக்க எண்ணிப் பழிப்பின் பாதியை ஒப்புக்கொடுத்த சமாதானம் இஃதென்பது சொல்லுவார்க்கே புலப்படுவதில்லை. திருவிழாவில் வடம் பிடித்து வேர்த்து நிற்கும் ஏழைத் தொண்டனைச் சிறுபிள்ளை என்று சொல்லாமற் சொல்லுவதும் இதுவே.

இக்கூற்றுக்கு நூற்சார்பு அறவே இல்லை என்றல் நேர்மையன்று. சரியையார்க்கு உருவமும், கிரியையார்க்கு அருவுருவமும், யோகியர்க்கு அருவமும் வழிபடு பொருளாதல் சித்தாந்தத்தில் வழங்குவதே. உமாபதி சிவாசாரியரும் திருவருட்பயனில், விலங்கைப் பிடிப்பார் அவ்வினத்து விலங்கையே பார்வையாக வைத்தல்போல, மக்களை ஆட்கொள்ள இறைவன் மானிட வடிவைப் போர்வையாகக் கொண்டு குருவாய் வருகின்றான் என்றார். போர்வை என்றமையின், கழற்றி எறிதற்குரியது என்று முடிப்பாரும் உளர். சிவஞானபோதத்து ஆறாஞ்சூத்திரமோ, சுட்டி அறியப்படுவன எல்லாம் அசத்தாம் எனக் கூறுதலின், கண்ணுக்குப் புலனாகும் திருமேனியும் அசத்தேயன்றோ என வினவுதற்கு இடந்தருகின்றது. இத்தடைகளை எளியன என்று ஒதுக்கற்க.

ஆயினும் மெய்கண்டார் தம் நூலைக் கோத்த முறையை நோக்குக. பன்னிரு சூத்திரங்களுள் முதலாறும் பொது, பின்னாறும் உண்மை. உண்மையின்கண்ணே குரு உணர்த்துதல் எட்டாவது, ஐந்தெழுத்து ஒன்பதாவது, பாசநீக்கம் பத்தாவது, அயரா அன்பினால் திருவடி கூடுதல் பதினொன்றாவது. இவை யாவும் கடந்து, அறிய வேண்டுவன அறிந்து, மலங்கழுவி, மெய்யன்பரொடு கூடிய ஞானியை நோக்கியே, அன்பர் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என்று பன்னிரண்டாஞ்சூத்திரம் விதிக்கின்றது. உருவ வழிபாடு அரிச்சுவடியாயின் அதனை முதலில் வைத்து, முடிவில் விடுக என்றன்றோ ஆசிரியர் கூறியிருத்தல் வேண்டும்? அவர் அதனை நூலின் முடிவில் வைத்தார். வைத்ததும் கற்கத் தொடங்குவார்க்கன்று, கற்று முடித்தார்க்கு. சரியையார் கோயிலைத் தொழுதலும் ஞானி தொழுதலும் புறத்தே ஒரு செயல்போலத் தோன்றினும், முன்னையது தேடுவான் செயல், பின்னையது கண்டான் செயல். ஏணியை ஏறி முடித்தவன் மீண்டும் அதே ஏணிக்காலில் நிற்கின்றான் என்பார் இவ்வேறுபாட்டை உணராதார்.

ஆறாஞ்சூத்திரத் தடைக்கும் விடை ஈண்டே கிடைக்கின்றது. கல்லும் உடம்பும் சுட்டுணர்வுக்குப் புலனாய அசத்தென்பதை மெய்கண்டார் மறுத்தாரல்லர். எங்கும் பாலில் நெய்போல் மறைந்து நிற்பவன் இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்கி நிற்றலின், ஞானி தொழுவது இடத்தையன்று, ஆண்டு விளங்குவானை. ஆகவே கல்லே கடவுள் என்பாரும் கல்லிற் கடவுளில்லை என்பாரும் ஒருங்கே வழுவினார். போர்வை என்னும் உவமையும் இவ்வாறே கொள்ளத்தக்கது. பிடிபட்டவனுக்குப் போர்வை வெறுந்துணியாவதில்லை, தன்னை ஆண்டவன் அணிந்ததாகின்றது.

மெய்கண்டாருக்கு முன்னரே இப்பெண்ணாகடத்தில் இக்கொள்கை வாழ்க்கையாய் நிகழ்ந்தது. கலிக்கம்ப நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் மிகச் சுருங்கக் கூறுகின்றார். அடியார்க்கு அமுதளிக்குமுன் அவர் திருவடிகளை விளக்குதல் நாயனார்க்கு வழக்கம். ஒருநாள் முன்பு தம் மனையில் ஏவல்செய்து நீங்கிய ஒருவர் சிவவேடந்தாங்கி வந்தார். மனைவியார் ஆளை அறிந்து, நீர் வார்க்கத் தாழ்த்தார். நாயனார் அவர் கையைத் துணித்துத் தாமே நீர் வார்த்து வழிபாட்டை நிறைவேற்றினார். இதனைப் படிப்பார் மனம் நடுங்குதல் இயல்பே, நடுங்காதார் படித்தாரல்லர். அம்மையார் பிழைத்தது கண்ணினால் அன்று. கண் சரியாகவே கண்டது. வந்தவர் பழைய ஏவலரே. அந்த மெய்யான காட்சியைக்கொண்டு வேடத்தின்கண் விளங்குவானை மறைத்ததே பிழை. வந்த மானிடர் கடவுளாயினார் என்று நாயனாரும் கருதினாரல்லர்.

மானிடச் சாயல் பற்றி ஒரு தடை மிகப் பழையது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டிற் பிறந்த யவன அறிஞர் செனோபானீஸ், எருதுக்கும் குதிரைக்கும் கையிருந்து எழுதவும் வல்லனவாயின் தத்தம் வடிவிலேயே தெய்வங்களை எழுதிக்கொள்ளும் என நகையாடினார். அந்நகை அவர் நாட்டுத் தெய்வங்களுக்குப் பொருந்தியிருத்தல் கூடும். திருமுதுகுன்றத்து இறைவனுக்குப் பழமலைநாதர் என்பது பெயர்; மலையில் மானிடச் சாயல் யாது? அத்திருக்கோயிலில் 28 ஆகமங்களின் பெயரால் 28 இலிங்கங்கள் எழுந்தருளியுள்ளன, ஒன்றுக்கேனும் முகமில்லை. பெண்ணாகடத்துத் தூங்கானைமாடமோ, விமானமே படுத்த யானையின் பின்புறம்போல வளைந்தது. கையும் காலும் காட்டும் கூத்தப்பெருமான் திருவுருவத்தையும் திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மைவிளக்கத்தில் உறுப்புறுப்பாகப் பொருள் செய்தார்: துடி படைப்பு, அமைத்த கை காப்பு, அனல் அழிப்பு, ஊன்றிய தாள் மறைப்பு, எடுத்த தாள் அருள். ஐந்தொழிலை உறுப்பாக உடைய மனிதன் எவ்வூரிலும் இல்லை.

ஞானம் முதிர்ந்தார்க்குப் புறவடிவம் வேண்டா என்பார் இத்தூங்கானைமாடத்திலேயே நிகழ்ந்த மற்றொன்றையும் நோக்குக. சமணச் சார்பினின்று மீண்டு, சூலை தீர்ந்து, கல்லொடு கட்டிக் கடலில் இடப்பட்டும் ஐந்தெழுத்தால் மிதந்து கரையேறிய திருநாவுக்கரசர் ஈண்டு வந்தார். அவரினும் முதிர்ந்த ஞானியை யாவர் காட்டுவார்? பிற சமயத்தொடு கிடந்த இவ்வுடம்போடு உயிர்வாழேன், இதன்மேல் உன் சூலமும் இடபமும் பொறித்தருள்க என அவர் விண்ணப்பித்தார். அவர் அருவநிலை வேண்டிற்றிலர். உடம்பில் ஓர் அடையாளமே வேண்டினார். சிவபூதம் ஒன்று வந்து அவ்விரு குறியையும் அவர் தோள்களிற் பொறித்தது. தோள்களை நோக்கிப் பணிந்து எழுந்து, அப்பொறியோடே தில்லைக்குச் சென்றார்.