அரங்கேற்று காதையும் ஆடலின் ஊதியமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரங்கின் அளவிலேயே நின்றனர். 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்னும் கணக்குக் கட்டுரைதோறும் வருகின்றது. ஆடி முடித்த மாதவி தலைக்கோலோடு 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள் என்னும் செய்தியோ, சோழன் வள்ளன்மைக்குச் சான்றாக ஒரு வரியிற் கூறிக் கடக்கப்படுகின்றது. அடிகள் அப்பொன்னை முறைமைப்படி அவள் பெற்றதாகவே பாடுகின்றார். ஆதலின் அதனைப் பரிசில் என்பதினும் ஊதியம் என்பதே பொருந்தும் என யாம் கருதுகின்றோம்.

இங்ஙனம் கொள்ளுதற்குக் கல்வெட்டும் துணை செய்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் வகுத்தான். நட்டுவம் செய்வார்க்குப் பங்கு இரண்டு. ஆடுவாளினும் ஆட்டுவிப்பானுக்கு இருமடங்கு என்பது சிந்திக்கத்தக்கது. காதையிலும் ஆடலாசிரியன் இலக்கணமே இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன் ஆகியோர்க்கு முன்னர் நிற்கின்றது. இன்றைய அழைப்பிதழ் சிலவற்றில் கூத்தமைத்தோர் பெயரைத் தேடித்தான் காணவேண்டும்!

ஆயினும், பழமை மேலுள்ள பற்றினால் காதையின் இறுதியை மறைத்தல் ஆகாது. மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி செல்வ இளைஞர் உலவும் தெருவிற் கொண்டு நிற்கின்றாள். அதன் விலையும் 1008 கழஞ்சே. ஆடலுக்குப் பெற்ற ஊதியத்தின் அளவே ஆடியவளைப் பெறுதற்குரிய விலையும் ஆகிவிடுகின்றது. கலையை ஆதரித்தலும் கலைஞரைக் கொள்ளுதலும் பிணைந்து கிடந்த அந்நிலையை அறுக்கவே முத்துலட்சுமி ரெட்டி நெடிது போராடினார். 1947இல் சென்னை மாகாணத்திற் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நன்றே. கோயில் அளந்த நெல்லுக்கு ஈடாக இனி அளப்பார் யார் என்னும் வினா எஞ்சியது.

அவ்வினாவுக்கு ஒரு விடை சட்டத்திற்கு முன்னரே தோன்றியிருந்தது. சென்னை மியூசிக் அகாதெமி மேடையில் 1931இல் கல்யாணி மகளிரும், 1933இல் பாலசரசுவதியும் ஆடினர். அம்மேடையில் அவை ஆடலைக் கண்டது. ஆடியவர்மேல் அவைக்கு உரிமை யாதும் இல்லை. பொதுமேடையின் பெருமை இதுவே. அடையாற்றில் 1936இல் கலாக்ஷேத்திரா எழுந்தது. தியாகராய நகரில் 1953இல் கிருஷ்ண கான சபை தோன்றியது. இவற்றின் தொண்டு பெரிது, விரித்தல் வேண்டா.

இன்று மேடைக்குக் குறைவில்லை, ஊதியத்திற்கே குறை. மார்கழியில் மயிலையிலும் தியாகராய நகரிலும் ஆடும் இளங்கலைஞர் பலர்க்கு, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் ஆகிய பக்கத்தார்க்குக் கொடுக்கும் தொகையே பெற்றதினும் மிகுகின்றது. அரங்கேற்றம் என்னும் சொல்லும் பொருள் திரிந்துவிட்டது. மாதவிக்கு அது வருவாயின் தொடக்கம். இன்றோ பெற்றோர் பெரும்பொருள் செலவிடும் விழா. சொற்பொருள் வரலாறு எழுதுவோர் இதனைக் குறித்துக்கொள்வாராக.

பூங்காவிலும் கடற்கரையிலும் ஆடலைக் கொணர்ந்த முயற்சிகளும் உள. 2007இல் தொடங்கி, இடையறவுபட்டு, 2023இல் மீண்டும் நிகழ்ந்த சென்னை சங்கமம் ஒன்று. 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் நடுவே தொடங்கிய விழா மற்றொன்று. காசின்றிக் காண்போர் பெருகினால் கலைஞர் வருவாய் குன்றும் என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. தஞ்சையில் நெல்லளந்தது கோயிற் பண்டாரம். கண்டோரிடத்துக் கட்டணம் கொள்ளவில்லை. எனவே நாகேசுவரராவ் பூங்காவில் ஆடலைக் காசின்றிக் காட்டுவதில் இழுக்கில்லை. ஆடுவோர்க்கு எவ்வளவு, கூத்தமைத்தோர்க்கு எவ்வளவு, பக்கத்தார்க்கு எவ்வளவு என, நிகழ்ச்சிக்கு முன்னரே பொதுப்பணத்தில் வகுத்து அறிவித்தல் வேண்டும். பெரிய கோயிற் சுவரில் பெயரும் பங்கும் யாவரும் காணக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.