மதுரைக்கு இந்த ஒரு லென்ஸ் போதும்!

சும்மா சொல்லக்கூடாது, கேனன் 18-135 எஸ்.டி.எம். மாதிரி மதுரைக்காரர்களுக்குத் தோதான லென்ஸ் இன்னொன்று கிடையாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்! வீட்டில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அது இங்கே வேண்டாம்.

முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவர்கள் கையில் பெரும்பாலும் கிராப் சென்சார் பாடிதான் இருக்கும். கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ் கொஞ்ச காலத்தில் எட்டாமல் போகும். அடுத்து என்ன வாங்குவது என்று ஆரம்பிக்கும் பாருங்கள் குழப்பம்! ஒருவர் 50 எம்.எம். என்பார், இன்னொருவர் 55-250 என்பார். ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "பேசாம ஃபுல் ஃபிரேமுக்குப் போயிருப்பா" என்று அசால்ட்டாக ஒரு செலவை இழுத்துவிட்டுப் போவார். ஒன்றும் வேண்டாம். நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். புது லென்ஸின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

2012-இல் 650டி கேமராவோடு வந்த லென்ஸ் இது. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கேனனின் கிராப் கணக்கு 1.6. அதனால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் சொன்னால் சுமார் 29-இலிருந்து 216 எம்.எம். வரை இந்த ஒரே குழலுக்குள் இருக்கிறது. தெற்குச் சித்திரை வீதியின் மூலையில் நின்றுகொள்ளுங்கள். கேமராவை நெட்டுக்குப் பிடித்து 18-இல் வைத்தால், சுமார் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் அடி முதல் கலசம் வரை அடங்கிவிடும். ஓரடிகூட நகராமல் 135-க்குத் திருகினால் மேலே இரண்டு மூன்று நிலைகளின் சுதைச் சிற்பங்கள் மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது, எல்லாம் வெளியே நின்று எடுப்பதுதான். அப்படி எடுப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதன் உண்மையான பெருமையைப் பார்க்க வேண்டுமானால் கீழக்குயில்குடிக்கு வாருங்கள். சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயில் ஆலமரங்களையும் 18-இல் முடித்துவிட்டு மேலே ஏறினால், பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். கீழே வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உளி வேலை. எழுத்துகளை 135-இல் இழுத்து எடுத்து வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அடடா, ஒவ்வொரு வெட்டும் தெரிந்தது! மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்குள் சிங்கத்தின் மேலேறி யானையோடு மோதும் இயக்கியின் சிற்பம் இருக்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. ஆனால் லென்ஸுக்குள் இருக்கும் ஐ.எஸ். கை நடுக்கத்தை நான்கு ஸ்டாப் அளவுக்குத் தாங்கும் என்கிறது கேனன். 135-இல் சாதாரணமாக 1/200 நொடி வேண்டிய இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு 1/25-இல் எடுத்தேன். கல் அசையாது, நாமும் அசையவில்லை, படம் கத்திபோல வந்தது. டிரைபாட் தூக்கிக்கொண்டு மலையேறும் வேலை மிச்சம்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வேறு கதை. இந்த லென்ஸ் 39 சென்டிமீட்டர் வரை பக்கத்தில் ஃபோகஸ் ஆகும், அதுவும் 135-இலேயே. அந்த நெருக்கத்தில் சுமார் எட்டு சென்டிமீட்டர் அகலம் படத்தை நிறைத்துவிடும். ஒரு கை மல்லிகை மொட்டு, அதன் மேல் பனித்துளி, அவ்வளவுதான் ஃபிரேம். தனியாக மேக்ரோ லென்ஸ் வாங்கப் போன நண்பர் இதைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேல், சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் அந்த விடியலில் வைகைக் கரையில் நின்று லென்ஸ் மாற்றிப் பாருங்கள் தெரியும்! கால் வைக்க இடமில்லை, புழுதி ஒரு பக்கம், கருப்பசாமி வேடமிட்டவர்கள் துருத்தியால் பீய்ச்சும் தண்ணீர் இன்னொரு பக்கம். பாடியைத் திறந்தால் சென்சார் அம்பேல். நானோ 18-இல் கூட்டக் கடலையும், 35-இல் பக்கத்துத் துருத்திக்காரரையும், 135-இல் குதிரை வாகனத்தில் வரும் அழகரையும் எதையும் கழற்றாமல் எடுத்தேன். எஸ்.டி.எம். மோட்டார் சத்தமே போடாது என்பதால் வீடியோவில் வாணவேடிக்கையும் கோவிந்தா கோஷமும் மட்டும் கேட்கிறது. ஒன்று, தண்ணீர் புகாத லென்ஸ் இல்லை இது. பிளாஸ்டிக் உறை கட்டாயம்.

குறையே இல்லையா என்றால், உண்டு. 18-இல் கோடுகள் வளையும். திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் ஓரத்தில் லேசாகத் தொப்பை போட்டு நிற்கும். மென்பொருளில் லென்ஸ் ப்ரொஃபைலைத் தட்டினால் நிமிர்ந்துவிடுகின்றன. 135-க்குப் போனால் துவாரம் எஃப்/5.6 ஆகிவிடும், 18-இல் கிடைக்கும் எஃப்/3.5-ஐவிட வெளிச்சம் பாதிக்கும் குறைவு. தெப்பத் திருவிழா இரவுக்கு மலிவான 50 எம்.எம். எஃப்/1.8 ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அரிட்டாபட்டியில் வல்லூறு தேடிப் போகிறவர்களுக்கும் இது எட்டாது. கல்யாண மண்டபத்துக்குள் தொழில் செய்கிறவர்கள் 17-50 எஃப்/2.8 பக்கம் போகட்டும், அது அவர்கள் பாடு. ஊர் சுற்றுகிற நமக்கு எட்டுகிற தூரம்தான் முக்கியம்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் 18-140-ஐப் பாருங்கள், சோனிக்காரர்களுக்கும் ஒரு 18-135 இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் எடுப்பதானால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஜூம் வளையத்தைக் கடைசி வரை திருகிப் பாருங்கள். இதன் ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் இயங்குவது, கேமராவில் மாட்டி ஆன் செய்யாமல் அதைச் சோதிக்க முடியாது. ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் பாடியையும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.