மணியத்துக்குப் பின் யாருமில்லையா?

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, நந்தினியின் கொண்டை கல்கியின் தொடருக்கு ஓவியர் மணியம் போட்ட மாதிரி இல்லையே என்று வருத்தப்பட்டவர்கள் அநேகம். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதை ஒட்டிக் கிளம்பிய ஒரு முடிவு இப்போது கேள்வி கேட்பாரின்றி உலவுகிறது: தமிழில் புத்தகமும் ஓவியமும் கைகோத்து நடந்தது வாரப் பத்திரிகைகளின் பொற்காலத்தில் மட்டும்தான், அதற்குப் பிறகு வெறும் பொட்டல். பிடித்த நாவலுக்குப் பக்கத்தில் எந்த ஓவியத்தை வைப்பீர்கள் என்று இன்றைய வாசகரைக் கேட்டால், மணியம் என்பார். இல்லாவிட்டால் ஒரே தாவலாக வான்கோவுக்குப் போய்விடுவார். நடுவில் சென்னையிலேயே முப்பது நாற்பது ஆண்டுகள் நடந்த பெரும் காரியம் அவர் கண்ணில் படுவதில்லை.

இந்த உறவு பழையது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சியை, சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னதாகவே ஓவியர்கள் சுவரில் தீட்டிவிட்டார்கள். சேக்கிழாருக்குப் பிறகு தாராசுரத்தில் நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசையாய் அமர்ந்தன, பெயரும் பொறித்து. ரவி வர்மாவின் அச்சுப் படங்கள் புராண மாந்தருக்குப் பட்டுப்புடவை கட்டி நடுவீட்டில் மாட்டின. கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தன. பாரதியோ 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படத்தைத் தலையங்கத்துக்குத் தோழனாக்கினார்.

அடுத்து வந்தது விகடன், கல்கி காலம். ஓவியர் மாலி வழிகாட்டினார். கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு போட்ட படங்களில் நாதசுரக்காரர் சண்முகசுந்தரத்தின் கர்வம் கழுத்து நிமிர்விலேயே தெரியும். சில்பியின் கோயில் சித்திரங்களில் கல் கல்லாகவே இருக்கும். அந்தப் பொறுமை வேறு யாருக்கும் வரவில்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைக் கல்கி எழுத எழுத மணியம் வரைந்தார். வாசகர்கள் வந்தியத்தேவனைப் படித்தார்கள் என்பதைவிடப் பார்த்தார்கள் என்பதே பொருத்தம். இவர்கள் யாரும் சாமானியர்கள் அல்ல.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஓவியம் கதைக்குக் கட்டுப்பட்டது. கதாசிரியர் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் ஓவியர் அவளுக்கு முகம் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்ததும் வாசகர் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்த முகம் காணாமல் போகும். சரித்திரக் கதைக்கும் தொடர்கதைக்கும் இது பொருந்தியது. புதுமைப்பித்தனுக்கும் மௌனிக்கும் நகுலனுக்கும் எப்படிப் பொருந்தும்? அவர்களுடைய பாத்திரங்களுக்கு மூக்கும் முழியும் வரைந்து என்ன பயன்?

இதற்கு விடை பத்திரிகை அலுவலகங்களிலிருந்து வரவில்லை, எழும்பூர் ஓவியக் கல்லூரியிலிருந்து வந்தது. சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை 1959இல் தொடங்கினார். 'புதுக்குரல்கள்' என்ற புதுக்கவிதைத் தொகுப்பு 1962இல் வந்தது. யாப்பைக் கழற்றிவிட்ட கவிதை வரி தாளில் எப்படி நிற்கும் என்று கவிஞர்கள் பழகிக்கொண்டிருந்த அதே நாட்களில், கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில் இறங்கியிருந்தார். ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாளம்போலத் தோன்றினாலும் வாசிக்க வராத எழுத்துகள் அந்தப் படங்களை நிறைத்தன. எழுத்தைப் பொருளிலிருந்து பிரித்துக் கோடாக மட்டும் பார்க்கும் துணிச்சல் அது. புதுக்கவிஞர் சி. மணியின் கவிதைகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஓவியம் இதுதான். 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். 1970இல் 'கசடதபற' சிற்றிதழ் வந்தபோது அந்தத் தலைமுறை ஓவியர்கள் சிற்றிதழ்க்காரர்களின் நண்பர்களாக இருந்தார்கள். தமிழ் எழுத்தாளனுக்குப் பிற கலைகள் தெரியாது என்று விமர்சகர் வெங்கட் சாமிநாதன் வாழ்நாளெல்லாம் சினந்தார். அந்தச் சினம் பெரும்பாலோர் விஷயத்தில் சரி; இந்தச் சிறு கூட்டத்துக்குப் பொருந்தாது.

அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் கே.எம். ஆதிமூலம். திருச்சிப் பக்கத்துத் துறையூர் வட்டாரத்துக்காரர். காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியை விதவிதமாகக் கோட்டில் வரைந்தவர், ராஜாக்களைக் கிரீடமும் சிதைவுமாக மையில் தீட்டியவர், எத்தனையோ நூல்களின், இதழ்களின் தலைப்பெழுத்தைத் தம் கையாலேயே மாற்றியமைத்தவர். 1980களில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது படம் போட்டவர் இவர்தான்.

அந்தப் படங்களை நின்று பார்க்க வேண்டும். கோட்டின்மேல் கோடாக இழுத்து இழுத்துச் சேரும் கறுப்பில் ஒரு முகம் திரளும். கன்னச் சுருக்கமும் நிலத்து வெடிப்பும் ஒரே பேனா வீச்சில் பிறந்தவை. 'இவர்தான் கதையில் வரும் இன்னார்' என்று அந்தப் படம் சொல்வதில்லை. கரிசல் என்ற ஒரு நிறத்தையும் வெக்கையையும் மட்டும் தந்துவிட்டு, மிச்சத்தைக் கி.ரா.வின் பேச்சுக்கு விட்டுவிடும். ஓவியரும் கதைசொல்லியும் ஒருவர் பேச்சை மற்றவர் திருப்பிச் சொல்லவில்லை. வெகுஜனப் பத்திரிகையில், கடைத்தெருவில் விற்ற தாளில் இது நடந்தது. நவீன ஓவியம் மக்களுக்குப் புரியாது என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து வேலை செய்யாமலேயே அமையும் ஜோடிகளும் உண்டு. மௌனியும் கே. ராமானுஜமும் அப்படிப்பட்டவர்கள். 1940இல் பிறந்து சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட ராமானுஜம், தமிழ் வாசகருக்கு இன்றும் சரியாக அறிமுகமாகாத மேதை. பேனா மையில் அடுக்கடுக்காய் எழும் மாளிகைகள், சிறகு முளைத்த விலங்குகள், மிதக்கும் பெண்கள், நடுவே தொப்பி அணிந்த ஓர் ஆள். அந்த ஆள் ராமானுஜமேதான். வெள்ளை இடம் விடாமல் இழைத்து இழைத்து நிரப்பப்பட்ட கனவுகள் அவை. மௌனியின் 'அழியாச்சுட'ரில் கோயில் தூணின் யாளி உயிர்கொண்டு சீறுமே, அந்தப் பிராகாரத்து இருட்டு ராமானுஜத்தின் உலகத்துக்குள் நேராகத் திறக்கிறது. இருவரும் குறைவாகவே வெளியே பேசினார்கள்; இருவருக்கும் நனவைவிடக் கனவே உறுதியான தரை. சி. மோகன் இந்த ஓவியரை வைத்தே 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்ற நாவலை எழுதினார். ஓவியம் புத்தகத்துக்குத் துணை வருவது பழைய வழக்கம்; இங்கே ஓவியத்துக்காகப் புத்தகம் வந்திருக்கிறது. அந்த நாவல் இருக்கும்போது பொட்டல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

பிறகும் வறட்சி இல்லை. டிராட்ஸ்கி மருது 'வாளோர் ஆடும் அமலை'யில் தமிழ் மன்னர்களைக் காலண்டர் ஜிகினாவிலிருந்து மீட்டு, புழுதியும் வேகமுமாக வரைந்தார். கல்கிக் கதைகளின் அரண்மனை அழகில் பழகிய கண்ணுக்கு அது முதலில் முரட்டுத்தனமாகப் படும். புறநானூற்றைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரடு எது, உண்மை எது என்று விளங்கும். சென்னையிலேயே தாரா பதிப்பகம் கோண்டு பழங்குடி ஓவியர்களைக் கொண்டு கையால் அச்சிட்ட அருமையான நூல்களை உலகத்துக்கு அனுப்பியது. அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

குறை பதிப்புலகில் இருக்கிறது. கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமை ஆனபின் 'பொன்னியின் செல்வ'னை யார் யாரோ அச்சிடுகிறார்கள். மலிவுப் பதிப்புகள் பெரும்பாலானவற்றில் மணியமே இல்லை. பொற்காலம் என்று புகழப்படுகிற ஓவியருக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இணையத்தில் அகப்பட்ட ஏதோ ஒரு சூரிய அஸ்தமனம் நாவலின் அட்டையில் ஏறுகிறது. வரைந்தவர் இருந்தாலும் அவர் பெயர் உள்பக்க மூலையில் பொடியெழுத்தில் ஒதுங்குகிறது. பதிப்பாளர்கள் இனி செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத காரியம்: மறுபதிப்பில் மூலப் படங்களைச் சேருங்கள், ஓவியர் பெயரை நூலாசிரியர் பெயருக்கு அருகில் போடுங்கள், மௌனி தொகுப்பை அடுத்த முறை அச்சிடும்போது ராமானுஜத்தின் நான்கு படங்களுக்கு உரிமை கேட்டுப் பாருங்கள்.