கெர்னல் பேசும் வரிகள்
லினக்ஸ் கணினி விழித்தெழும்போது அதன் மைய நிரலான கெர்னல் கறுப்புத் திரையில் சரசரவென ஓடவிடும் வெள்ளை வரிகளை யாரும் நின்று படிப்பதில்லை. எனக்கோ அதில் தனி இன்பம். இடப்பக்கம் சதுர அடைப்புக்குள் நொடிக் கணக்கு, புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். அடுத்து, பேசுவது யார் என்ற பெயர். பிறகுதான் செய்தி. யுஎஸ்பி குச்சியைச் செருகிவிட்டு டிமெஸ்ஜி கட்டளையைத் தட்டினால், வந்தவரின் விவரம் அடக்கமாக வந்து நிற்கும்.

இந்த ஒழுங்கு கெர்னலின் நிரலில் பொறுமையாகக் கட்டப்பட்டது. செய்தியின் அவசரத்தைக் குறிக்க 0 முதல் 7 வரை எட்டு நிலைகள்: 0 என்றால் அமைப்பே குலைந்துவிட்டது, 7 என்றால் நிரலர் தமக்காக வைத்துக்கொண்ட முணுமுணுப்பு. எனக்கு மிகவும் பிடித்தது, பேசுபவரின் பெயரைச் செய்திக்கு முன் ஒட்டும் முன்னொட்டு ஏற்பாடுதான். நிரல் கோப்பின் தலையில், வேறெதற்கும் முன்பாக, ஒரே வரியில் அதை எழுதிவிட்டால் கீழுள்ள பிஆர் இன்ஃபோ, பிஆர் எர் முதலிய செய்தி எழுதும் அழைப்புகள் எல்லாம் அந்தப் பெயரைத் தாமே சூடிக்கொள்கின்றன. எத்தனை நூறு இடங்களில் கை ஓய்கிறது! ஓயாமல் புலம்பும் சாதனத்துக்கும் கடிவாளம் உண்டு: வழக்கமாக 5 நொடிக்கு 10 செய்தி, மிஞ்சியவற்றின் எண்ணிக்கை மட்டும் பதிவாகும். இச்செய்திகள் எல்லாம் சேர்வது ஒரு வளைய நினைவகத்தில்; வன்பொருள் குறுக்கிடும் இன்டரப்ட்டின் நடுவிலிருந்து அழைத்தாலும் தடுமாறாமல், பூட்டே இல்லாமல் எழுதிக்கொள்ளும் அதைச் செதுக்கியவர்கள் கைதேர்ந்தவர்கள்.